ஆங்கில வகுப்பில் ஐந்து மூடநம்பிக்கைகள்

கூலி கேளாமல் கற்பிக்க முன்வருகிறவரைவிட நாட்டுக்கு நல்லவர் யார்? பகலெல்லாம் பணிமனையிலும் கடையிலும் கல்லூரியிலும் உழைத்துவிட்டு, மாலையிலே ஊர்த் திண்ணையில், படிப்பகத்தில், பள்ளித் தாழ்வாரத்தில் பத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து எழுத்துச் சொல்லித் தருகிற இளைஞரை, இளம்பெண்ணைப் போற்றாதார் இல்லை. போற்றுவது எளிது; மாலை சூட்டி மகிழ்ந்துவிட்டு வீடு திரும்பலாம். ஆனால், அவர் எதைக் கற்பிக்கிறார், எப்படிக் கற்பிக்கிறார், அப்படிக் கற்பிக்குமாறு அவருக்குச் சொல்லித் தந்தவர் யார் என்று கேட்பதன்றோ பகுத்தறிவாளர் கடமை! தொண்டு என்ற பெயர் தாங்கி வருவதாலேயே ஒரு செயல் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. கோயிலுக்குக் குடம் குடமாகப் பால் சுமப்பதையும் தொண்டு என்றுதானே சொன்னார்கள்!

பெருந்தொற்றால் பள்ளிகள் பூட்டிக் கிடந்த பின்னர், 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கியபோது, இலட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் திரண்டு வந்தனர். அவர்களிலே பெரும்பாலோர் பெண்கள். கற்பிக்க ஆளில்லை என்ற பேச்சுக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது. ஆள் உண்டு, ஆர்வம் உண்டு, அந்த ஆர்வத்துக்கு எத்தகைய பயிற்சியைத் தருகிறோம் என்பதே எஞ்சி நிற்கும் கேள்வி. குறிப்பாக ஆங்கிலத்துக்கு. தமிழையும் கணக்கையும் கற்பிக்கத் தயங்காத தொண்டாசிரியர், ஆங்கிலம் என்றதும் அச்சத்தால் குன்றிப் போகிறார். அந்த அச்சத்தைப் போக்க வேண்டிய பயிற்சி முகாம்களிலே பல, அதை வளர்த்தே அனுப்புகின்றன.

முகாமின் காட்சி நாம் அறிந்ததே. மேடையிலே பயிற்றுநர், கீழே தொண்டர்கள். “வகுப்பில் தமிழ் ஒரு சொல்கூட வரலாகாது, உச்சரிப்பு ஆங்கிலேயர் உச்சரிப்பாக இருக்க வேண்டும், பிழை கேட்ட மாத்திரத்தில் திருத்த வேண்டும், அரிச்சுவடி வயதிலேயே ஆங்கிலத்தைப் புகட்டிவிட வேண்டும்” — கட்டளைகள் அருவியெனக் கொட்டுகின்றன. ஏன் என்று கேட்பார் இல்லை. கேட்டாலும், “மேல்நாட்டு முறை அப்படி” என்பதே விடை. சாத்திரம் அப்படிச் சொல்கிறது என்று வாயடைத்த பழைய புரோகிதருக்கும், மேல்நாட்டு முறை அப்படி என்று வாயடைக்கும் புதிய பயிற்றுநருக்கும் உடையிலே வேற்றுமை உண்டு, உள்ளத்திலே உண்டா?

இந்தக் கட்டளைகளின் பிறப்பிடம் எது? 1961 சனவரியில், அப்போது இன்னும் பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இருந்த உகாண்டாவிலே, மக்கெரெரே என்னும் இடத்தில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது குறித்துக் காமன்வெல்த் நாடுகளின் மாநாடு ஒன்று கூடிற்று. அந்த மாநாட்டு அறிக்கையின் அடியிலே ஐந்து கோட்பாடுகள் ஓடுவதை, ராபர்ட் பிலிப்சன் என்ற மொழியறிஞர் 1992-இல் வெளியிட்ட ‘மொழி ஏகாதிபத்தியம்’ பற்றிய ஆங்கில நூலில் எடுத்துக் காட்டினார். ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிக்க வேண்டும் என்பது ஒன்று. அதைத் தாய்மொழியாகக் கொண்டவரே தகுந்த ஆசிரியர் என்பது இரண்டு. எவ்வளவு இளமையில் தொடங்கினால் அவ்வளவு நன்று என்பது மூன்று. எவ்வளவு மிகுதியாகப் புகட்டினால் அவ்வளவு நன்று என்பது நான்கு. பிறமொழி மிகுதியாகப் புழங்கினால் ஆங்கிலத் தரம் தாழும் என்பது ஐந்து. ஐந்தும் பொய்ம்மைகள் என்றே பிலிப்சன் பெயரிட்டார். நாம் நம் வழக்கப்படி மூடநம்பிக்கைகள் என்போம். ஏனெனில், ஆராயாமல் ஏற்கப்பட்டு, அச்சத்தால் காக்கப்பட்டு, பிழைப்புக்குப் பயன்படுவது எதுவோ அதற்கு அதுதானே பெயர்!

முதல் நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். தாய்மொழி கலவாத கற்பித்தலைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் மாக்சிமிலியன் பெர்லிட்ஸ். 1878-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரிலே அவர் பள்ளி தொடங்கினார். பிரெஞ்சு கற்பிக்க ஒருவரை அமர்த்தினாராம், வந்தவருக்கு ஆங்கிலமே தெரியாதாம், பெர்லிட்ஸ் நோயுற்றுப் படுத்துவிட, அவரோ சைகையாலும் பிரெஞ்சாலுமே வகுப்பை நடத்தினாராம், மாணவர் முன்னேறினராம். இது அந்த நிறுவனமே பெருமையுடன் சொல்லிவரும் கதை. கதையின் பொருளைப் பாருங்கள்! மாணவர் மொழி ஆசிரியருக்குத் தெரியாது. ஆகவே அது வகுப்பில் வரவில்லை. தெரியாமை ஒரு தேவையாயிற்று. தேவை ஒரு முறையாயிற்று. முறை ஒரு மறையாயிற்று! பல நாட்டினர் ஒரே அறையில் அமர்ந்து கற்கும் அமெரிக்க நகரத்திலே இன்றும் அந்தத் தேவை உண்டு. அங்கே கற்பிக்கும் தொண்டர் பத்து மொழி அறிந்திருக்க முடியாது. ஆனால், திருவண்ணாமலைச் சிற்றூரிலே, கற்பிப்பவருக்கும் தமிழ், கற்பவருக்கும் தமிழ் என்ற நிலையில், இருவரும் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டிய தேவை என்ன? கால் இல்லாதவர் கட்டை ஊன்றி நடப்பதைக் கண்டு, கால் உள்ளவர் தம் காலை வெட்டிக்கொள்வதா?

வகுப்பறையில் தாய்மொழியைத் தீட்டாக்குவது புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டிலே வேல்சு நாட்டின் பள்ளிகள் பலவற்றில், தம் தாய்மொழியாம் வெல்சு மொழியிலே பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள். அடுத்துப் பேசிய குழந்தைக்கு அது மாறும். இறுதியில் யார் கழுத்திலே இருக்கிறதோ அக்குழந்தைக்கு அடி. தமிழ் பேசினால் தண்டம் கட்டு என்று சொல்லும் இன்றைய பள்ளிகள் அந்த மரத்துண்டின் வாரிசுகள். ஆனால், அதே வேல்சு நாட்டிலிருந்துதான் அதற்கு மாற்றும் வந்தது. சி. ஜே. டாட்சன் என்பார் 1967-இல் இருமொழி முறை பற்றிய நூலை வெளியிட்டார். ஆசிரியர் ஒரு வாக்கியத்தைப் புதுமொழியிலே சொல்லி, அதன் பொருளைத் தாய்மொழியில் உடனே தந்து, பின்னர்ப் பயிற்சியைப் புதுமொழியிலேயே நடத்துகிறார். பொருளை விளக்கப் பத்து நிமிடம் கைகால் ஆட்டிக் கூத்தாட வேண்டியதில்லை. அந்தப் பத்து நிமிடமும் பிள்ளைகளின் பேச்சுக்குக் கிடைக்கிறது. அதற்காக, வகுப்பு முழுதும் தமிழ்ச் சொற்பொழிவாகி, ஆங்கிலம் ஊறுகாய்போலத் தொட்டுக்கொள்ளப்படட்டும் என்று நாம் கூறவில்லை. ஏணியை எடுத்தெறியாதீர் என்கிறோம். ஏணியிலேயே குடியிருக்கச் சொல்லவில்லை.

இரண்டாம் நம்பிக்கை, ஆங்கிலேயரே ஆங்கிலத்துக்கு ஏற்ற ஆசிரியர் என்பது. பிறப்பால் தகுதி! இந்தக் குரலை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? கருவறைக்குள் இன்னார்தான் நுழையலாம் என்ற குரலின் கடல்கடந்த உடன்பிறப்பு இது. தமிழ்ப் பிள்ளை ஆங்கிலம் கற்கும்போது எங்கே இடறும் என்பது இலண்டனிலே பிறந்தவருக்கு எப்படித் தெரியும்? நமக்கு ‘எனக்குப் பசிக்கிறது’. அவர்களுக்கோ ‘ஐ ஆம் ஹங்கிரி’. நம் வாக்கியத்தில் பசி தானாக வந்து என்னைப் பற்றுகிறது. அவர்கள் வாக்கியத்தில் நானே பசித்தவனாக நிற்கிறேன். நம் வினை இறுதியில் வரும். அவர்கள் வினை நடுவில் வந்து நிற்கும். ‘வந்தேன்’ என்ற ஒரு சொல்லிலே வந்தவர் யார் என்பது அடங்கிவிடுகிறது. ஆகவே தமிழ்ப் பிள்ளை ‘ஐ’ என்பதை விட்டுவிட்டு ‘கேம்’ என்று மட்டும் சொல்கிறது. நம் நெடுங்கணக்கிலே ‘ப’ ஒன்றே. ‘பின்’ என்று எழுதினால் குண்டூசியா, குப்பைத்தொட்டியா என்று எழுத்து காட்டாது. இவற்றையெல்லாம் தாமே இடறி, தாமே எழுந்து, தாமே கற்ற தொண்டாசிரியர் அறிவார். அவருடைய பலம் இது. பயிற்றுநர் செய்ய வேண்டியது, இந்தப் பலத்தை அவருக்கு எடுத்துக் காட்டுவது. ஆனால் முகாமிலே நடப்பதோ, “உங்கள் உச்சரிப்புச் சரியில்லை” என்று பலவீனத்தைச் சுட்டி, அவரைக் கூனிக் குறுகச் செய்வது. குறுகியவர் வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளைக் குறுக்குகிறார்.

மூன்றாம் நம்பிக்கைக்கு வருவோம். இளமையிலே தொடங்கினால் எல்லாம் கைகூடும் என்பது கேட்க இனிமையானது. பார்சிலோனாப் பல்கலைக்கழகத்தில் கார்மென் முன்யோஸ் தலைமையில் நடந்து, 2006-இல் நூலாக வந்த ஆய்வு இதனை அளந்து பார்த்தது. பள்ளியிலே 8 வயதில் ஆங்கிலம் தொடங்கியவர்களையும், 11 வயதில் தொடங்கியவர்களையும், ஒரே அளவு மணிநேரம் கற்ற பின் ஒப்பிட்டார்கள். பிந்தித் தொடங்கியவர்களே முந்தி நின்றார்கள். ஆங்கிலம் சூழ்ந்த நாட்டிலே குடியேறிய குழந்தையின் கதை வேறு. வாரத்துக்குச் சில மணிநேரம் மட்டும் ஆங்கிலம் கேட்கும் குழந்தையின் கதை வேறு. 12 வயதுச் சிறுமியிடம், “நீ காலம் கடந்து வந்தாய்” என்று சொல்லும் தொண்டர், அறிவியலைப் பேசவில்லை, ஜோசியம் பேசுகிறார்.

நான்காவதையும் ஐந்தாவதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம்; இரண்டுக்கும் ஆப்பிரிக்காவே விடை தந்துவிட்டது. நைஜீரியாவின் இஃபே நகரிலே, கல்வியாளர் பாப்ஸ் ஃபாஃபுன்வா முதலானோர் 1970-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். ஆறாண்டுத் தொடக்கக் கல்வி முழுதும் யொரூபா என்னும் தாய்மொழியிலே. ஆங்கிலம் ஒரு பாடமாக மட்டும், அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியரால். ஆங்கிலம் குறைந்தது; ஆகவே ஆங்கில அறிவும் குறைந்ததா? இல்லை. அந்தப் பிள்ளைகள் மற்றப் பாடங்களோடு ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. அளவைப் பெருக்கினால் அறிவு பெருகும் என்பது, நூற்றெட்டு முறை சொன்னால் மந்திரம் பலிக்கும் என்பதைப் போன்ற கணக்கு.

கொள்கை இப்படி என்றால், அதைத் தொண்டர்களிடம் கொண்டு சேர்க்கும் வழியோ இன்னும் விந்தையானது. அதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு, அன்றைய சென்னை மாநிலத்திலே தொடக்கநிலை ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் 27,000 பேருக்குப் புதிய பயிற்சி தரத் திட்டமிட்டார்கள். சிலரைப் பயிற்றுவது, அச்சிலர் பலரைப் பயிற்றுவது, அப்பலர் ஊர்தோறும் சென்று எஞ்சியோரைப் பயிற்றுவது. ‘மெட்ராஸ் பனிப்பந்து’ என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. உருள உருளப் பெருகுமாம் பனிப்பந்து! இத்தனை பெரிய முயற்சியை எண்ணிய துணிவை நாம் மறுக்கவில்லை. ஆனால், சென்னை வெயிலிலே பனி என்ன ஆகும் என்பதைப் பெயரிட்டவர்கள் எண்ணிப் பார்த்திருக்கலாம். எண்ணிக்கை பெருகப் பெருகக் கருத்து கரைகிறது. முதல் அடுக்கில் ‘இதை ஏன் இப்படிச் செய்கிறோம்’ என்ற விளக்கம் இருக்கும். இரண்டாம் அடுக்கில் ‘இதை இப்படிச் செய்க’ என்ற கட்டளை இருக்கும். மூன்றாம் அடுக்கில் ‘இதைச் செய்க’ என்பது மட்டும் இருக்கும். வகுப்பறைக்கு வந்து சேரும்போது, ‘திஸ் ஈஸ் எ புக்’ என்று நாற்பது குரல்கள் பொருளறியாமல் முழங்கும். பிறகு உலகெங்கும் நடந்த இத்தகைய அடுக்குப் பயிற்சிகள் பலவற்றின்மீதும் சொல்லப்பட்ட குறை இதுவே.

“ஆயிரக்கணக்கான தொண்டரை வேறு எவ்வாறு பயிற்றுவது? ஆளுக்கு ஓர் அறிஞரை அனுப்ப முடியுமா?” என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. விடையும் நம் அருகிலேயே பிறந்தது. பெங்களூரை மையமாகக் கொண்டு, சென்னை வட்டாரப் பள்ளிகளையும் சேர்த்து, 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு நடத்திய கற்பித்தல் திட்டத்தை நோக்குக. வாக்கிய வாய்பாடுகளை ஒப்பிக்கச் செய்வதை விடுத்து, இரயில் நேர அட்டவணையையும் ஊர் வரைபடத்தையும் பிள்ளைகள் முன் வைத்து, எந்த வண்டியில் ஏறினால் எப்போது சேரலாம், எந்தத் தெருவில் திரும்பினால் எங்கே போகலாம் என்று ஆங்கிலத்தின் வாயிலாக எண்ணச் செய்தார்கள். அந்த வகுப்புகளுக்குப் பார்வையாளர் வந்து அமர்ந்தனர், பார்த்ததைப் பேசினர், பேசியதைக் கொண்டு அடுத்த பாடம் திருந்திற்று. பின்னர் 1990-இல் பிரபு எழுதிய கட்டுரையொன்று, எல்லார்க்கும் சிறந்த ஒரே முறை என்று ஏன் இல்லை என்பதை ஆராய்ந்தது. தாம் செய்வது ஏன் பயன்தருகிறது என்று ஆசிரியருக்குத் தம் அறிவிலே பட வேண்டும், அந்தத் தெளிவு உயிரோடு வளர வேண்டும் என்றது. பகுத்தறிவு என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே பகுத்தறிவைச் சொன்ன கட்டுரை அது.

ஆகவே நாம் வேண்டுவது இது: பயிற்றுநர் மேடையிலிருந்து இறங்கட்டும். தொண்டாசிரியரின் வகுப்பிலே கடைசி வரிசையில், பிள்ளைகளோடு பிள்ளையாக அரைமணி நேரம் அமரட்டும். ஆசிரியர் எத்தனை நிமிடம் பேசினார், பிள்ளைகள் எத்தனை நிமிடம் பேசினர் என்று குறிக்கட்டும். எந்தப் பிள்ளை ஒருமுறையும் வாய் திறக்கவில்லை என்று பார்க்கட்டும். பெரும்பாலும் அது கடைசியிலே அமர்ந்த பிள்ளை, வீட்டிலே முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளை. வகுப்பு முடிந்ததும் தீர்ப்புச் சொல்ல வேண்டா, கேள்வி கேட்கட்டும். “அந்தப் பையன் தவறாகச் சொன்னபோது பாதியிலே நிறுத்தினீர்களே, பிறகு அவன் பேசினானா?” என்று கேட்கட்டும். ஒன்றே ஒன்றை மாற்றச் சொல்லட்டும். அடுத்த வாரம் வந்து அந்த ஒன்று என்ன ஆயிற்று என்று பார்க்கட்டும். பயிற்றுநர் வர முடியாத ஊரிலே, இரண்டு தொண்டர்கள் ஒருவர் வகுப்பிலே மற்றவர் அமரட்டும். இதற்கு மாளிகை வேண்டா, மானியம் வேண்டா, மேல்நாட்டு நிபுணரும் வேண்டா. ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டு, கேட்டதை விவாதித்து வளர்ந்த படிப்பகங்களும் முடிதிருத்தகங்களும் தேநீர்க் கடைகளும் நம் இயக்கத்துக்குப் புதியனவா?

பயிற்சியின் பயனை அளக்க ஓர் அளவுகோலும் வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் வங்காளத்திலே பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1926-இல் வெளியிட்ட நூலில் ஓர் அருமையான கருத்தைக் காப்பீட்டுத் துறையிலிருந்து எடுத்தாண்டார். காப்பீட்டை இடையிலே கைவிட்டவருக்கும் அதுவரை கட்டியதற்கு ஒரு தொகை திரும்பக் கிடைக்கும் அல்லவா? அதுபோல, படிப்பை இடையிலே விட்டுப்போகும் பிள்ளைக்கு, அதுவரை படித்ததால் கையிலே என்ன மிஞ்சுகிறது என்று கேட்டார் அவர். பட்டம் பெறப் போகும் ஒருவருக்காகப் பாடம் அமைத்து, இடையிலே நின்றுவிடும் பலரை வெறுங்கையோடு அனுப்பும் கல்வியை இந்த ஒரு கேள்வி உலுக்கிவிடுகிறது. தொண்டர் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான உரைகல் இல்லை. அறுவடை வந்தால் பிள்ளை நின்றுவிடும். வேலை கிடைத்தால் தொண்டர் சென்றுவிடுவார். மூன்று மாதத்திலே வகுப்பு முடிந்துவிட்டால், அந்தப் பிள்ளைக்கு மருந்துப் புட்டியின் மேலுள்ள எழுத்தைப் படிக்க வருகிறதா? விண்ணப்பத்திலே பெயரும் ஊரும் நிரப்ப வருகிறதா? தெரியாததைத் தெரியவில்லை என்று ஆங்கிலத்திலே சொல்லும் துணிவாவது வந்திருக்கிறதா? இவற்றில் ஒன்றும் இல்லை, ஆனால் ‘குட் மார்னிங்’ மட்டும் கணீரென்று ஒலிக்கிறது என்றால், அந்த மூன்று மாதமும் பாட்டுக் கச்சேரி, பாடம் அன்று.

இத்தனை கடுமையாக இதை நாம் ஆராய்வது ஏன்? 1965-இல் மாணவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள், உயிர்கள் பலியாயின. 1968 சனவரி 23 அன்று, அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழிக் கொள்கையைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானமாக நிறைவேற்றிற்று. அந்தத் தீர்மானத்திலே ‘வசதியுள்ளோர்க்கு இரண்டு மொழி, வசதியற்றோர்க்கு ஒன்று’ என்று எழுதப்பட்டிருக்கிறதா? இல்லை. ஆனால் நடைமுறையிலே அப்படி ஆகிவிட்டால்? கட்டணம் கட்டுகிற வீட்டுப் பிள்ளை தடையின்றி ஆங்கிலம் பேசி உயர்நீதிமன்றத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் போகவும், களத்துமேட்டுப் பிள்ளை ஆங்கிலம் கேட்டதும் தலைகுனிந்து வெளியே நிற்கவும் நேர்ந்தால், இருமொழிக் கொள்கை ஏட்டிலே வாழும். நாட்டிலே புதியதொரு வருணப் பிரிவு வாழும். முன்பு வேத மொழியைச் சூத்திரர் கேட்டால் காதிலே ஈயம் என்றது கௌதம தர்ம சூத்திரம். இப்போது ஈயம் இல்லை, கூச்சம் இருக்கிறது. கூச்சமும் காதை அடைக்கும். வாயையும் சேர்த்து அடைக்கும்.

அந்தக் கூச்சத்தை உடைக்கக் கூடியவர் தொண்டாசிரியர். அந்தப் பிள்ளையின் தெருவைச் சேர்ந்தவர். அந்தப் பிள்ளையின் மொழியைப் பேசுகிறவர். அந்தப் பிள்ளை இடறுகிற கல்லிலே தாமும் இடறியவர். அவரை ஆங்கிலேயரின் தேய்ந்த நகலாக மாற்றி அனுப்பும் பயிற்சி நமக்கு வேண்டா. தமிழ் தெரிந்ததால் ஆங்கிலத்தைத் தெளிவாகக் கற்பிக்கிறவராக, ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரிந்தவராக, காரணம் சொல்ல முடியாத கட்டளையைத் தூக்கி எறியத் துணிந்தவராக அவரை ஆக்கும் பயிற்சியே வேண்டும்.

தோழர்களே! உங்கள் ஊரிலே மாலை வகுப்பு நடந்தால் மாலையோடு போகாதீர்கள். ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையிலே அமருங்கள். வாய் திறக்காத பிள்ளைகளை எண்ணுங்கள். அடுத்த வாரம் அந்த எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.